கைராசி இல்லை, கிடாய்தான் காரணம்



ஆட்டுக்குட்டிகளின் கழிச்சல் பற்றி எழுதியதன் பின்னர் இந்தப் பக்கத்துக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கழிச்சலைப் பற்றிக் கேட்டவர்கள் சிலர்தான். மற்றவர்கள் கேட்டிருப்பது வேறு விடயம். தாடை கோணிப் பிறந்த குட்டி, கருத்தங்காத பசு, முட்டைக்குள்ளேயே செத்துப்போகும் குஞ்சு, பின்னங்கால் இழுபடும் நாய்க்குட்டி. "இது வருத்தமோ, பரம்பரையோ, செய்வினையோ?" என்று ஒரு சகோதரி மூன்றையும் ஒரே வரியில் கேட்டிருக்கிறார். மூன்றாவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முதல் இரண்டையும் பற்றி இம்முறை கதைப்போம்.

வன்னியில் இருந்து வந்த ஒரு கடிதத்தைத்தான் முதலில் எடுக்கிறேன். எழுதியவர் கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். ஐந்து வருடங்களுக்கு முன் வாழ்வாதார உதவியாக நான்கு மறியாடும் ஒரு கிடாயும் கிடைத்தன. முதல் இரண்டு வருடமும் நல்ல குட்டிகள். அந்தக் காசில் கிணறு இறைத்துத் துப்புரவாக்கினார், மூத்தவளுக்குச் சைக்கிள் வாங்கினார். அதற்குப் பிறகு போட்ட குட்டிகளில் ஒன்றுக்குக் கீழ்த்தாடை கட்டை, குழை கடிக்க முடியாது. மறிக்குட்டிகள் என்று ஆசையாக வளர்த்த இரண்டு, ஒன்றரை வயதாகியும் பருவத்துக்கு வரவில்லை. கிடாயைப் போல மணக்கின்றன, மற்ற ஆடுகளை முட்டுகின்றன. அயலில் உள்ளவர்கள் சொன்னது இது: "தாலி இல்லாதவளின்ர கை. அந்தக் கையால தீன் போட்டா ஆடு எப்பிடி விருத்தியாகும்?" ஆட்டு வியாபாரியும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்து, முழுப் பட்டியையும் அரை விலைக்குக் கேட்கிறாராம். நுண்கடன் தவணை வேறு கழுத்தில் நிற்கிறது. "வித்துவிடட்டோ அக்கா?" என்று கேட்டு முடித்திருந்தார்.

விற்க வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். போய்ப் பார்த்ததும் விளங்கியது. கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை செய்த காலத்தில் இதே கதையை வேறு ஊர்களிலும் கண்டிருக்கிறேன். அந்தச் சகோதரியின் கையில் ஒரு பிழையும் இல்லை. பட்டி சுத்தம், தண்ணீர் சுத்தம், தரையில் இருந்து உயர்த்திக் கட்டிய பரண், மழை அடிக்காத கூரை. ஆனால் அங்கே நின்ற ஒரே கிடாய், ஐந்து வருடத்துக்கு முன் வந்த அதே கிடாய்தான். இப்போது அது தன் மகள்மாரோடு சேர்கிறது. இன்னொன்று, அந்தக் கிடாய்க்குப் பிறப்பிலேயே கொம்பு இல்லை. வந்த மறிகளில் இரண்டுக்கும் கொம்பு இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிவதால், முட்டினாலும் காயம் வராது என்று நினைத்து, கொம்புள்ள குட்டிகளை விற்றுக் கொம்பில்லாத மறிகளையே வைத்திருக்கிறார். ஒரு தாய் அப்படி நினைப்பது நியாயம்தானே. ஆட்டைக் கொடுத்தவர்கள் யாரும் அவருக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டைக் கொடுத்து, படம் எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த இரண்டு விடயத்தையும் தனித்தனியே சொல்கிறேன். முதலில் சொந்தத்துக்குள் சேர்வது.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் எங்களுக்கும், உடம்பின் ஒவ்வொரு அமைப்பையும் செய்வதற்குக் கட்டளை எழுதிய சீட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலைப் புத்தகத்தில் இதைப் பரம்பரையலகு என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலான கட்டளைகளுக்கு இரண்டிரண்டு சீட்டு. ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. ஒன்றில் எழுத்துப் பிழை இருந்தாலும் மற்றது சரியாக இருந்தால் அனேகமாக வேலை நடந்துவிடும். அந்த ஆடு கொழுகொழுவென்று வளரும், குட்டி போடும், பால் தரும். அதனிடம் பிழைச் சீட்டு ஒன்று ஒளிந்திருப்பது ஒருவருக்கும் தெரியாது. இப்படிப்பட்டதைத்தான் காவி என்று சொல்கிறார்கள். காவியும் காவியும் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பக்கத்தாலும் பிழைச் சீட்டு வந்து விழுவதற்கு. அப்போதுதான் குறை வெளியே தெரியும்.

பிழைச் சீட்டு இல்லாத உயிர் உலகத்தில் இல்லை. ஆனால் தூரத்து ஊர்க் கிடாயிடம் உள்ள பிழை ஒன்று, உங்கள் மறியிடம் உள்ள பிழை வேறொன்று. இரண்டும் ஒரே இடத்தில் வந்து பொருந்துவது அரிது. கிடாய் தன் மகளோடு சேரும்போது கணக்கு மாறிவிடுகிறது. தகப்பனிடம் ஒளிந்திருக்கும் பிழைச் சீட்டு மகள்மாரில் பாதிப் பேருக்குப் போயிருக்கும். அப்படிப்பட்ட மகள் தகப்பனோடு சேர்ந்து போடும் குட்டிகளில் நான்கில் ஒன்றுக்குக் குறை வரலாம். எல்லா மகள்மாரையும் சேர்த்துப் பார்த்தால் எட்டுக் குட்டியில் ஒன்று. இது ஒரு சீட்டுக்கு மட்டும் உள்ள கணக்கு. ஒளிந்திருக்கும் பிழைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. கட்டைத் தாடை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. நிறை குறைந்து பிறந்த குட்டிகள், வயிற்றிலேயே கலைந்துபோனவை, சின்ன வருத்தத்துக்கும் தாங்காமல் செத்தவை எல்லாம் கணக்கில் வராமல் போயிருக்கும்.

வன்னியில் இது இன்னும் கூடுதலாக நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2008, 2009ஆம் ஆண்டுகளில் மாட்டையும் ஆட்டையும் அவிழ்த்துவிட்டுத்தான் சனம் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது பட்டிகள் இல்லை. பிறகு வந்தவை லொறிகளில் வந்து ஊர் ஊராகப் பங்கிடப்பட்ட ஆடுகள். ஒரு ஊரில் பத்து வீட்டுக்கும் ஒரே இடத்து ஆடு என்றால், அடுத்த வீட்டுக் கிடாயும் உங்கள் மறிக்கு அண்ணன் தம்பியாக இருக்கக்கூடும்.

இனி அந்த மணக்கும் "மறிகள்". இவை மறியுமல்ல, கிடாயுமல்ல, இரண்டுக்கும் இடைப்பட்டவை. கொம்பில்லாமல் இருப்பதற்கான சீட்டு ஆடுகளில் ஒரு விசித்திரமான சீட்டு. ஒன்று கிடைத்தாலே போதும், கொம்பு முளைக்காது. அந்த ஆட்டுக்கு வேறு தீங்கு எதுவும் வராது. ஆனால் தாயிடம் ஒன்று தகப்பனிடம் ஒன்று என்று இரண்டும் கிடைத்த மறிக்குட்டிக்கு, சூலகம் உள்ளுக்குள் ஒழுங்காக உருவாவதில்லை. வெளித்தோற்றம் சிலதில் மறி போல, சிலதில் கிடாய் போல, சிலதில் இரண்டும் கலந்தமாதிரி. ஒருநாளும் சினைப்படாது. அமெரிக்காவில் அஸ்டெல் என்ற ஆராய்ச்சியாளர் 1944ஆம் ஆண்டிலேயே கொம்பில்லாமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை எழுதிவிட்டார். பரம்பரைப் பொருளில் எந்த இடத்தில் மாற்றம் இருக்கிறது என்பதைப் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் 2001இல் கண்டுபிடித்தார்கள். சானென் போன்ற வெளிநாட்டுப் பாலாடுகளின் கலப்பில் கொம்பில்லாதவை அதிகம் என்பதால், எங்கள் பக்கத்துக் கலப்பு ஆடுகளிலும் இதைக் காண்கிறோம்.

இதற்கு வழி மிகச் சுலபம், ஒரு சதம் செலவில்லை. சேரும் சோடியில் ஒன்றுக்காவது கொம்பு இருக்க வேண்டும். கிடாய்க்குக் கொம்பு இருந்தால் மறிக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிறந்த கிழமையில் கொம்புக் குருத்தைச் சுட்டுவிட்ட ஆடு கொம்பில்லாத ஆடு அல்ல, அது கொம்புள்ள ஆடுதான். உச்சியைத் தடவிப் பார்த்தால் சுட்ட தழும்பு கையில் தட்டுப்படும்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பட்டியை விற்க வேண்டாம். இடைப்பட்ட இரண்டையும் தாடை கட்டையானதையும் இறைச்சி விலைக்குக் கொடுக்கலாம், அவற்றின் இறைச்சியில் ஒரு குறையும் இல்லை. அந்தக் காசு இரண்டு தவணைக்குக் காணும். பழைய கிடாயை இனவிருத்திக்கு வைத்திருக்க வேண்டாம். கொம்புள்ள, சொந்தமில்லாத கிடாய் ஒன்றை இன்னொரு பிரிவில் இருந்து எடுக்க வேண்டும். தனியே வாங்கக் காசில்லை என்றால் மாதர் சங்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். புதுக் கிடாயை வந்த அன்றே பட்டிக்குள் விடாமல் மூன்று கிழமை தள்ளிக் கட்டி, வாய்ப்புண், இருமல், கழிச்சல் ஏதும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் மகள்மார் பருவத்துக்கு வருவதற்கு முன் அதை மாற்றிவிட வேண்டும். கிடாய்க்குட்டிகளை நான்கு மாதத்துக்குள் பிரித்துவிட வேண்டும். அந்த வயதிலேயே அவை தாயோடும் சகோதரிகளோடும் சேரத் தொடங்கிவிடும். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர், பிறகு மண்டையில் கைவைத்தவர்களும் பலர்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆட்டின் பெயர், தாய், தகப்பன், பிறந்த திகதி, என்ன குறை. பிள்ளையின் பழைய பாடசாலைக் கொப்பியின் பின்பக்கம் போதும். இரண்டு வருடத்தில் அந்தக் கொப்பி ஆட்டு வியாபாரியை விடக் கூடுதலாக உங்கள் பட்டியைப் பற்றிச் சொல்லும்.

பிறப்பில் வரும் குறை எல்லாம் பரம்பரைக் குறை என்று இதை வாசித்துவிட்டு நினைக்க வேண்டாம். மட்டக்களப்புப் பக்கத்துச் சகோதரி ஒருவர், பின்னங்கால் இரண்டும் ஆடி ஆடி விழும் குட்டிகள் பற்றி எழுதியிருக்கிறார். மூன்று வேறு வேறு மறிகள் ஒரே பருவத்தில் போட்ட குட்டிகள். கிடாயும் புதிது. அங்கே நான் முதலில் சந்தேகப்படுவது தீனைத்தான். சினை ஆட்டுக்குச் செம்புச் சத்து குறைந்தால் குட்டியின் நரம்பு பழுதாகி இப்படிக் கால் இழுபடும். ஆனால் கடையில் வாங்கிச் செம்பு மருந்து பருக்கிவிட வேண்டாம். அது கூடினால் நஞ்சு. மிருக வைத்தியரிடம் காட்டி அளவு கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். பூச்சி மருந்தும் அப்படித்தான். அல்பென்டசோல் மருந்தை ஆடு சினைப்பட்ட முதல் ஒன்றரை மாதத்துக்குள் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்கலாம். கிடாயோடு விட்ட திகதி கொப்பியில் இருந்தால் இந்தப் பிழை வராது. இப்பில் இப்பில் குழையை மட்டுமே மூன்று நேரமும் போட்டால் முடி கொட்டும், கழுத்தில் கழலை வரும், குட்டி நலிந்து பிறக்கும். மற்றக் குழைகளோடு கலந்து போடுங்கள்.

எப்படி வித்தியாசம் பிடிப்பது? ஒரே கிடாயின் குட்டிகளில், வேறு வேறு வருடங்களில், ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் பரம்பரையை நினையுங்கள். ஒரே வருடத்தில் பல தாய்களுக்கு ஒன்றாக வந்தால் தீன், மருந்து, தொற்று நோய் இவற்றை நினையுங்கள். இது முழுத் தீர்ப்பு அல்ல. எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு ஒரு வழிதான்.

இதே இடத்தில் ஒரு தாய் எழுதிய கடிதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இது கால்நடைப் பக்கம்தான் என்றாலும். அவருடைய மகன் மாற்றுவலுவுள்ளவர். இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது பிறந்தவர். பிள்ளைப்பேறு நீண்டு, பிள்ளை வெகுநேரம் அழாமல் கிடந்ததாம். இப்போது மகளுக்கு வரும் சம்பந்தங்கள் எல்லாம் "அந்தப் பரம்பரையில் குறை இருக்கு" என்று திரும்பிப் போகின்றன. சகோதரி, பிறக்கும்போது மூச்சு கிடைக்காமல் மூளை பாதிக்கப்படுவது பரம்பரை அல்ல. அது மகளுக்கு வராது, மகளின் பிள்ளைகளுக்கும் வராது. மகனைப் பார்த்துவரும் வைத்தியரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தம் பேச வருபவர்களிடம் நாக்கை விடக் கடதாசி கூடுதலாகப் பேசும்.

உண்மையாகவே சீட்டில் வரும் குறையாக இருந்தாலும்கூட, தாயை மட்டும் குற்றம் சொல்ல இடமில்லை. ஒளிந்திருக்கும் பிழைச் சீட்டு இரண்டு பக்கத்தாலும் வந்தால்தான் அனேகமான குறைகள் வெளிப்படும். தலசீமியா என்ற குருதி நோய் இதற்கு நல்ல உதாரணம். தாயும் தகப்பனும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. இருவரும் வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமானவர்களாகவே இருப்பார்கள். மச்சான் மச்சாள் கலியாணம் எங்களிடையே வழக்கம். அது எல்லாமே கெடுதி என்று நான் சொல்லவரவில்லை, அப்படிக் கட்டியவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் நலமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் இந்த நோய் இருந்தால், கலியாணத்துக்கு முதல் இரண்டு பேரும் குருதிப் பரிசோதனை செய்யுங்கள். அரச வைத்தியசாலையில் கேட்கலாம். குருநாகலில் தலசீமியாவுக்கென்றே தேசிய நிலையம் இருக்கிறது. சாதகம் பார்க்கக் கொடுக்கும் நேரத்தில் பாதி இதற்குப் போதும்.

சரி, மாட்டுக்கு வருவோம். கிடாயைப் போலத்தான் காளையும், ஆனால் செயற்கைமுறைச் சினைப்படுத்தலில் ஒரு காளையின் பிழை உலகம் முழுவதும் போய்ச் சேரலாம். அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு பிறந்த "சீஃப்" என்ற ஹொல்ஸ்டீன் காளையின் கதை இது. அதன் மகள்மார் நிறையப் பால் கறந்ததால் எல்லாப் பண்ணைகளும் அதன் விந்தையே கேட்டன. மகள்மார் மட்டும் 16,000. பேத்திகள் ஐந்து இலட்சம். அந்தக் காளையிடம் ஒரு பிழைச் சீட்டு இருந்தது. இரண்டு பக்கத்தாலும் அது கிடைத்த கன்று பிறப்பதேயில்லை, வயிற்றிலேயே கலைந்துவிடும். ஊனக் கன்று பிறந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். கரு கலைவதை "மாடு பிடிக்கவில்லை" என்று நினைத்துத் திரும்ப ஊசி போட்டார்கள். 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த ஒரு பிழையால் உலகம் முழுவதும் ஏறக்குறைய 525,000 கருக்கள் கலைந்திருக்கும் என்று மதிப்பிட்டது. அதே காளையால் கிடைத்த பாலின் பெறுமதி அந்த நட்டத்தை விடப் பலமடங்கு அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே காளையைத் திட்டி வேலையில்லை. இப்போது இந்தப் பிழையைக் குருதியிலோ மயிரிலோ சோதித்துப் பார்க்க முடிகிறது. எங்களால் அந்தச் சோதனை செய்ய முடியாது. ஆனால் ஊசிக் குழாயில் காளையின் இலக்கம் அச்சிட்டிருக்கும். அதைக் கொப்பியில் எழுதுங்கள். மகளுக்குத் தகப்பனின் ஊசியே விழாமல் பார்த்துக்கொள்ள அது ஒன்றே போதும்.

இரட்டைக் கன்று போட்டு, ஒன்று நாம்பன், ஒன்று நாகு என்றால், அந்த நாகுவைக் கறவைக்கென்று வளர்க்க வேண்டாம். பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. வயிற்றுக்குள் இரண்டின் குருதியும் கலந்ததால் வருவது, பரம்பரை அல்ல. தாய்ப்பசு நல்ல பசு, அதை விற்றுவிடாதீர்கள்.

கோழியில் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. கழுத்து மொட்டைக் கோழி வருத்தக் கோழி அல்ல. அது ஒரு சீட்டின் வேலை, அந்தச் சீட்டால் தீங்கில்லை, நன்மைதான் உண்டு. சிறகு குறைவென்பதால் எங்கள் வெக்கையை அது மற்றக் கோழிகளை விட நன்றாகத் தாங்கும். பார்வைக்கு அழகில்லை என்று அதைக் கறிக்கு அறுத்துவிடுகிறவர்கள் யோசியுங்கள். குட்டைக்கால் கோழி வேறு கதை. குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பேட்டையும் சேர்த்து அடைவைத்தால், நான்கு கருவில் ஒன்று அடைவைத்த முதல் கிழமையிலேயே செத்துவிடும். கூழ்முட்டை என்று நினைத்து எறிந்திருப்பீர்கள். குட்டைக்கால் பேட்டுக்கு நெட்டைக்கால் சேவலை விடுங்கள். வெள்ளைப் பூனை, இரண்டு கண்ணும் நீலம் என்றால் அனேகமாகக் காது கேளாது. கூப்பிட்டு வரவில்லை என்று அடிக்காதீர்கள்.

கடைசியாக நாய். நாய்க்குட்டி வளர்த்து விற்பது இப்போது பல வீடுகளில் ஒரு வருமானம். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். சங்கத்தில் கடன் எடுத்து, அல்சேஷன் சோடி ஒன்று வாங்கி, முதல் ஈற்றில் ஏழு குட்டிகள். எல்லாம் விற்றாயிற்று. ஆறு மாதத்தில் இரண்டு குட்டிகளுக்குப் பின்னங்கால் சரியில்லை, எழும்ப நேரமெடுக்கிறது, முயல் துள்ளுவதுபோல ஓடுகின்றன. வாங்கியவர்கள் காசைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

தங்கச்சி, இது அல்சேஷன் இனத்தில் எல்லோருக்கும் தெரிந்த வருத்தம். இடுப்பெலும்புக் குழிக்குள் தொடையெலும்பின் உருண்டை இறுக்கமாகப் பொருந்தாமல் தளர்ந்து உராய்கிறது. இது ஒரு சீட்டால் வருவதல்ல, பல சீட்டுகள் சேர்ந்து வருவது. அதோடு வளர்ப்பும் சேரும். குட்டி கெதியாகக் கொழுக்க வேண்டும் என்று அளவுக்கு மிஞ்சித் தீன் கொடுத்தால் கூடும். வழுக்கும் சீமெந்துத் தரையும் நல்லதல்ல. அந்த இரண்டு குட்டிகளின் நிறையையும் கட்டுப்படுத்தி, மிருக வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். தாய் தகப்பன் இரண்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் திரும்பச் சேர்க்க வேண்டாம். எக்ஸ்ரேயில் இடுப்பு சரியில்லை என்றால் இனவிருத்திக்கு வேண்டாம், காவலுக்கு நிற்கட்டும். அடுத்த ஈற்றுக் காசு போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் உங்கள் குட்டி நொண்டும் குட்டி என்று பெயர் எடுத்தால் அதற்கு அடுத்த ஈற்றுக்கு ஆளே வராது. வாங்கியவர்களுக்கு முழுக் காசா, பாதிக் காசா என்பதை நீங்களே பேசி முடியுங்கள். ஆனால் பேசுங்கள். ஒளிக்க வேண்டாம்.

சாதி நாய்களுக்கு இவ்வளவு வருத்தம் ஏன் என்று கேட்கலாம். சில நாய்களில் இருந்து தொடங்கி, புத்தகத்தில் பெயர் பதிந்த நாயோடு மட்டுமே சேர்த்துச் சேர்த்து, நூறு வருடத்துக்கு மேல் வெளிக்கலப்பு இல்லாமல் வளர்த்ததால்தான். வன்னிக் கிடாயின் கதை, பணக்கார வீட்டில் நடந்தது. பக் நாயின் முகம் தட்டையாக இருக்க வேண்டும் என்று தெரிந்து தெரிந்து சேர்த்தார்கள், இப்போது அது மூச்செடுக்கப் படும் பாடு பெரும்பாடு. எங்கள் சித்திரை வெயிலில் அதை வளர்ப்பதே பாவம் என்பது என் எண்ணம். 2008இல் பிபிசி தொலைக்காட்சி இதைப் பற்றி ஒரு படம் காட்டி, பிரித்தானியாவில் பெரிய வாதப்பிரதிவாதம் நடந்தது. தங்கள் நாட்டின் பெரிய நாய்க் கண்காட்சியைக்கூட பிபிசி அதன்பின் ஒளிபரப்பாமல் விட்டது.

திருத்த முடியாததல்ல இது. கறுப்புப் புள்ளி போட்ட டல்மேஷன் நாய்கள் எல்லாவற்றுக்கும் சிறுநீரில் யூரிக் அமிலம் கூடுதலாகப் போகும் குறை இருந்தது. அதனால் கல் வந்து சலம் அடைக்கும். இனம் முழுவதும் பிழைச் சீட்டு இரண்டையும் வைத்திருந்ததால், இனத்துக்குள்ளே எதை எதோடு சேர்த்தும் பயனில்லை. 1973இல் ரொபேர்ட் ஷைபிள் என்ற அமெரிக்கர் ஒரு டல்மேஷனைப் பொயின்டர் இன நாயோடு ஒரே ஒரு தடவை சேர்த்தார். பிறந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்ப டல்மேஷனோடே சேர்த்தார், ஒவ்வொரு முறையும் நல்ல சீட்டு உள்ளவற்றைத் தெரிந்து. பார்வைக்கு அசல் டல்மேஷன், கல் வருத்தம் மட்டும் இல்லை. "இரத்தம் கலந்துவிட்டது" என்று இன அபிமானிகள் எதிர்த்தார்கள். 2008இல் அந்தச் சீட்டு எது என்று கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்க நாய்ச் சங்கம் அவற்றின் வழிவந்தவற்றைப் பதிவில் ஏற்றுக்கொண்டது 2011இல். ஒரு வெளிக்கலப்பை ஏற்றுக்கொள்ள எத்தனை வருடம் பாருங்கள். மனிதர்கள் நாய்க்கும் சாதி பார்ப்பவர்கள்.

இன்னொரு நாயின் கதையும் சொல்ல வேண்டும். பிரியார்ட் என்ற இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே பார்வை இல்லாமல் பிறக்கும். மனிதக் குழந்தைகளில் ஒருவகைப் பிறவிக் குருட்டுக்கும் அதே சீட்டுத்தான் காரணம். சரியான சீட்டை ஊசி மூலம் கண்ணுக்குள் செலுத்தி அந்த நாய்களுக்குப் பார்வை வந்ததை 2001இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அவற்றில் ஒன்றான லான்சலொட் என்ற நாயை அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினார்கள். 2017 டிசம்பரில் அதே சிகிச்சை மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது. 2018இல் இரண்டு கண்ணுக்கும் விலை எட்டரை இலட்சம் டொலராக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு எட்டாத விலைதான், இப்போதைக்கு.

ஊர் நாய் வளர்ப்பவர்கள் இந்தப் பந்தியைச் சிரித்துக்கொண்டு வாசிப்பீர்கள். ஊர் நாய்க்கு ஒரு வருத்தமும் வராது என்றில்லை. பல இரத்தம் கலந்ததால் ஒளிந்திருக்கும் பிழைகள் பொருந்துவது குறைவு, அவ்வளவுதான். விசர் நாய்த் தடுப்பூசி அதற்கும் வருடாவருடம் போடத்தான் வேண்டும்.

சாதிக் குட்டி வாங்க நினைப்பவர்கள் காசைக் கொடுக்க முன் தாயையும், முடிந்தால் தகப்பனையும் நேரில் பாருங்கள். இரண்டும் எழும்பி நடக்கும்போது பின்பக்கமாக நின்று கவனியுங்கள். குட்டியின் முதுகுப் பக்கமாக நின்று கைதட்டிக் காது கேட்கிறதா என்று பாருங்கள். மாடிப்படி இருந்தால் தாயை ஏறச்சொல்லிக் கேளுங்கள். தாய் இங்கே இல்லை, கொழும்பில் நிற்கிறது என்று சொல்பவரிடம் அன்றைக்குக் குட்டி எடுக்க வேண்டாம்.

அடுத்த இதழில் மாரி தொடங்க முன் எந்தெந்தத் தடுப்பூசி, எந்தக் கிழமை என்று எழுதுகிறேன். கிடாய் மாற்ற விரும்பும் சங்கங்கள் பிரிவையும், கிடாயின் வயதையும், கொம்பு உண்டா இல்லையா என்பதையும் குறிப்பிட்டு இந்தப் பக்கத்துக்கு எழுதினால், ஒருவரோடு ஒருவரைத் தொடர்புபடுத்திவிட ஆசிரியர் குழு சம்மதித்திருக்கிறது.